பி.டி. பீரியடில் பேசுவது யார்?

ஜூனில் கால அட்டவணை போடும்போது எங்கள் பள்ளியில் கடைசியாக நிரம்பும் கட்டம் பி.டி. பீரியடுதான். தமிழ், கணக்கு, ஆங்கிலம் எல்லாம் இடம் பிடித்த பிறகு மிச்சமிருக்கும் மூலையில் அது ஒண்டிக்கொள்ளும். போன வருடம் அந்த நாற்பது நிமிடத்துக்குள் என்ன செய்வது என்று நாங்கள் மூன்று ஆசிரியர்களும் கொஞ்சம் சண்டையே போட்டோம். ஆளுக்கொரு வழியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கடைசியில் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாயிற்று. இந்த ஜூனில் இதே கட்டத்தை நிரப்பப்போகும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் பள்ளி திருப்பூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. பி.டி.க்கு மூன்றாம், நான்காம் வகுப்புகளைச் சேர்த்து விடுகிறோம், முப்பது பிள்ளைகள். அதில் எட்டுப் பேர் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள். வீட்டில் இந்தி, ஒடியா. ஒரு பையனுக்கு மூளை முடக்குவாதம், வாக்கர் பிடித்து நடப்பான். இன்னொருவனுக்குக் காதில் கருவி. ஒரு சிறுமிக்கு டவுன் சின்ட்ரோம். உடற்கல்வி ஆசிரியர் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்று சொல்வதே ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். ஆக, காலையில் பின்னக் கணக்கு நடத்திய அதே ஆள்தான் மாலையில் விசிலோடு மைதானத்துக்கு வர வேண்டும்.

எந்த வழியையும் அளக்க எனக்கு மூன்று கேள்விகள் போதுமாக இருந்தன. பிள்ளைகளுக்கு வியர்த்ததா? யாராவது ஓரமாக உட்கார்ந்தார்களா? அந்த நாற்பது நிமிடத்தில் பேசியது யார்? மூன்றாவது கேள்வியை முதலில் நான் கேட்கவே இல்லை. பி.டி.யில் பேச்சு என்பது அடக்க வேண்டிய சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

டிரில்

ஹெச்.எம். சாருக்குப் பிடித்தது டிரில். அதில் அவர் சொல்வதற்கு நியாயம் உண்டு. ஓர் ஆசிரியர் போதும், பொருள் எதுவும் வேண்டாம், முப்பது பேருக்கும் ஒரே நேரத்தில் வியர்க்கும், யாரும் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொள்வதில்லை. வெளியிலிருந்து பார்வைக்கு வருபவர்களுக்கும் அழகாகத் தெரியும்.

மொழி தெரியாத பிள்ளைகளும் டிரில்லில் கச்சிதமாகச் செய்வதைப் பார்த்து, பரவாயில்லையே, தமிழ் பிடித்துக்கொண்டார்களே என்று நம்பியிருந்தேன். ஒருநாள் வரிசைக்குப் பக்கவாட்டில் போய் நின்று, செய்து காட்டாமல் வாயால் மட்டும் சொன்னேன்: “வலது கையை மேலே தூக்கு.” ஒடிசாவிலிருந்து வந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் பக்கத்துப் பெண் மேல் ஓட்டினாள். அவள் கை ஏறியதும் இவள் கையும் ஏறியது. அரை நொடிதான் தாமதம். வழக்கம்போல் முன்னால் நின்று செய்து காட்டியிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அப்புறம் கவனித்தால் அந்த எட்டுப் பேரில் ஐந்து பேரிடம் அந்த அரை நொடி இருந்தது. காதுக்கருவி போட்ட பையனும் அப்படித்தான், விசிலுக்கு அல்ல, பக்கத்து ஆளின் அசைவுக்கு அவன் அசைகிறான்.

டிரில்லில் பிள்ளைகள் வாய் திறப்பது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுவதற்கு மட்டுமே. மீதி முழுக்க நம் குரல். வாக்கர் பையனைக் கடைசி வரிசையில் நிறுத்தி, “உனக்கு எது முடியுதோ அதைச் செய்யுப்பா” என்று நானே ஒரு வருடம் சொல்லியிருக்கிறேன். அன்பாகச் சொன்னதாகத்தான் நினைப்பு.

போட்டிக்குத் தயார் செய்வது

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோ-கோவும் கபடியும் அருமையான ஆட்டங்கள்தாம், மேல்வகுப்புக்குப் போனதும் பிள்ளைகள் ஆடத்தான் போகிறார்கள். ஆனால் கோ-கோவில் துரத்தும் அணியின் ஒன்பது பேரில் எட்டுப் பேர் கட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் ஓடுவார்; எதிரணியில் களத்தில் மூன்று பேர். முப்பது பேர் வகுப்பில் ஒரு நேரத்தில் ஓடுவது நான்கு பேர். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், அல்லது மண்ணில் படம் போடுவார்கள். யார் ஓடுவார்கள் என்பதும் முதல் வாரத்திலேயே முடிவாகிவிடும்.

தனியாக வைத்துப் பார்ப்பது

சக ஆசிரியை ஒருவர் சொன்ன யோசனை இது: மாற்றுத்திறன் பிள்ளைகள் மூவரையும் அந்த நேரத்தில் சிறப்பாசிரியரிடம் விடுவது, வேறு மொழிப் பிள்ளைகள் எட்டுப் பேரையும் திண்ணையில் உட்காரவைத்துத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுப்பது. நேரம் வீணாகாது என்பது அவர் வாதம். சிறப்பாசிரியர் வாரத்தில் எல்லா நாளும் வருவதில்லை என்பதை விட்டுவிடுவோம். வட்டார வள மையத்தில் நடக்கும் இயன்முறைப் பயிற்சி அந்தப் பையனின் தசைக்கு வேண்டும், அதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அது விளையாட்டு அல்லவே. மருந்து குடித்தாகிவிட்டது, சோறு எதற்கு என்று கேட்பது போல இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு கல்வியோடு சேர்த்து விளையாட்டையும் பொழுதுபோக்கையும் மற்றவர்களுக்குச் சமமாகத் தரச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் என்று சொல்லும்போது மாற்றுத்திறன் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறது.

தமிழுக்காகத் திண்ணையில் உட்காரவைப்பது இன்னும் மோசம். அந்தப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளோடு கத்திப் பேசக் கிடைக்கும் ஒரே இடம் மைதானம். அங்கிருந்து பிடித்து வந்து ‘அ’ எழுதவைத்தால் என்ன கணக்கு?

எழுத்தட்டை ஓட்டம்

இது என் யோசனை, அதனால் தைரியமாகக் குறை சொல்லலாம். தொடக்க வகுப்புகளுக்கு எழுத்தும் கணக்கும் பழக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் வந்த பிறகு பள்ளியில் அட்டைகளுக்குப் பஞ்சமில்லை. மூன்று அணி, மைதானத்தின் அந்தக் கோடியில் அட்டைக் குவியல், விசில் அடித்ததும் ஓடிப்போய் நான் சொல்லும் எழுத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வர வேண்டும். விளையாட்டும் ஆச்சு, தமிழும் ஆச்சு என்று பெருமை வேறு.

பிறகு ஒருநாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். அணிக்குப் பத்துப் பேர். ஒருவர் போய்வர இருபது நொடி. ஒருமுறை ஓடியவனுக்கு மறுமுறை வாய்ப்பு வர 200 நொடி. முப்பது நிமிடத்துக்கு ஒன்பது முறை ஓடலாம், அதாவது மொத்தமே மூன்று நிமிடம். மீதி 27 நிமிடம் வரிசையில் நின்று முன்னால் இருப்பவன் சட்டையை இழுப்பது. வாக்கர் பையன் வந்த அணி தோற்றது, அவர்கள் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. அடுத்த வாரம் அவனை அம்பயர் ஆக்கினேன். அவன் முகம் மலர்ந்தது, நானும் ஏமாந்தேன். அம்பயர், ஸ்கோர் எழுதுபவர், பந்து பொறுக்குபவர் எல்லாம் மரியாதையான ஒதுக்கல்தான். ஒருநாள் ஒருவர் என்று சுற்றில் வந்தால் சரி. அவனுக்கு மட்டும் நிரந்தரம் என்றால் சரியல்ல.

இந்த ஓட்டத்தின் அடிப்படைப் பிசகு, மொழி அதில் ஒட்டவைத்த ஸ்டிக்கர். அட்டைக்குப் பதில் கல்லை எடுத்து வரச் சொன்னாலும் ஆட்டம் அப்படியே நடக்கும். எழுத்து தெரியாதவன் தோற்பான், தெரிந்துகொள்ள மாட்டான்.

ஆனால் எழுத்தையே ஆட்டத்தின் விதியாக வைத்தால் கதை வேறு. நொண்டியடித்துத் தாண்டும் பாண்டிக் கட்டத்தில் அதைச் செய்து பார்த்தோம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. குறில் வந்தால் ஒற்றைக்காலில் ஒரு கட்டம். நெடில் வந்தால் இரண்டு கட்டம் தாண்டி இரு காலும் ஊன்றி நிற்க வேண்டும். மெய்க்குக் கால் வைக்கக்கூடாது, ஒரு கைதட்டல். ‘படம்’ ஒரு மாதிரி ஓடும், ‘பாடம்’ வேறு மாதிரி ஓடும், ‘பட்டம்’ நடுவில் தட்டி நிறுத்தும். ஓரமாக நிற்பவர்களும் சொல்லிக்கொண்டே தட்ட வேண்டும், இல்லாவிட்டால் குதிப்பவருக்குத் தாளம் கிடைக்காது. எடு, ஏடு, கொடு, கோடு, இவைதாம் இந்தி பேசும் பிள்ளைகளுக்கு உதைத்தன. இந்தியில் எ, ஏ என்றும் ஒ, ஓ என்றும் இரண்டு கிடையாது. “கோடு டீச்சர்” என்று பென்சிலுக்குக் கை நீட்டுகிற பிள்ளையை வகுப்பறையில் எத்தனை முறை திருத்தியிருப்பேன்! கட்டத்தில் ஒருமுறை கால் தப்பியதும் அவனே நின்று, “குட்டி ஒ” என்றான். வாக்கர் பையன் குறிலுக்குக் கைப்பிடியில் ஒரு தட்டு, நெடிலுக்கு வாக்கரை ஒரு முழ நீளம் தள்ளி ஓர் அடி. அவனுக்கென்று தனிச் சொல் கிடையாது, அதே சொல், அதே கட்டம். ஐந்து இடத்தில் கட்டம் போட்டால் ஆறாறு பேராகப் பிரிந்துவிடலாம், வரிசைத் தொல்லை குறையும்.

சொன்னதைச் செய்வது

1960களில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் ஒரு முறையை வகுத்தார். புது மொழி படிப்பவரைப் பேசச் சொல்லாதே, முதலில் கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்யட்டும், பேச்சு தானாக வரும் என்பது அதன் சாரம். குழந்தை ‘பால்’ என்று சொல்வதற்கு முன்பே “பாலை எடுத்துட்டு வா” என்றால் எடுத்து வருகிறதே, அதே வழி. டிரில்லும் கட்டளை, இதுவும் கட்டளை. வித்தியாசம் என்னவென்றால் இதில் பக்கத்தைப் பார்த்துச் செய்ய வழியில்லாமல் கட்டளை மாறிக்கொண்டே இருக்கும்.

தமிழுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. வளையத்தை மண்ணில் வைத்துவிட்டு வளையத்துக்குள் நில், வளையத்தைச் சுற்று, வளையத்திலிருந்து வெளியே குதி, வளையத்தைத் தலைமேல் வை என்று பத்து நிமிடம் சொன்னால் வேற்றுமை உருபு காலில் ஏறிவிடும். பலகையில் எழுதிப் போட்டுச் சொல்லிக்கொடுக்க அது ஒரு மாத வேலை. ஓடு, ஓடாதே; தொடு, தொடாதே என்ற எதிர்மறையும் இங்கேதான் வசப்பட்டது. பாடநூல் சொல்லும் வீட்டுச் சொல்லும் இரண்டும் வேண்டும். ‘உட்கார்’ என்று மட்டும் பழகிய பிள்ளை பக்கத்துப் பையன் ‘உக்காரு’ என்றால் முழிக்கும்.

இதில் எனக்கு ஒரு சறுக்கல். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவனை முதல் வாரமே முன்னால் நிறுத்தி, நீ கட்டளை சொல் என்றேன். அழுதுவிட்டான், இரண்டு நாள் பள்ளிக்கும் வரவில்லை. அவசரப்பட்டது நான். முதல் சில வாரம் கேட்டுச் செய்தால் போதும், வாய் திறக்கும் நாளை அவர்களே முடிவு செய்வார்கள். ஆனால் ஆசிரியரே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தால் இதுவும் கொஞ்ச நாளில் டிரில் ஆகிவிடும். பத்து நிமிடத்துக்கு நல்லது, நாற்பது நிமிடத்துக்கு ஆகாது.

பிள்ளைகளின் சொந்த ஆட்டம்

கடைசியில் நான் சாய்ந்தது இந்தப் பக்கம். பூப்பறிக்க வருகிறோம், கல்லா மண்ணா, கிளித்தட்டு, கண்ணாமூச்சி, அப்புறம் தெருவில் எல்லோரும் ஆடுகிற ‘கலர் கலர்’. பூப்பறிக்கும் ஆட்டத்தில் கேள்வியும் பதிலும் இல்லாமல் ஒரு காலடி நகர முடியாது. கல்லா மண்ணாவில் இரண்டே சொல் தெரிந்தால் போதும், புதுப் பிள்ளை முதல் நாளே உள்ளே வந்துவிடும். மொழி இல்லாமல் ஆட்டம் நின்றுவிடும் என்பதுதான் இவற்றின் பலம். தேசியக் கல்விக் கொள்கை 2020 விளையாட்டோடு இணைந்த கற்றலில் உள்நாட்டு விளையாட்டுகளையும் சேர்க்கச் சொல்கிறது. அதைச் சொல்லாவிட்டாலும் எங்கள் பிள்ளைகள் இடைவேளையில் இதைத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள், நான்தான் விசில் அடித்து நிறுத்திக்கொண்டிருந்தேன்.

பழைய ஆட்டம் என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது. ‘அவுட்’ ஆனால் வெளியே உட்கார் என்கிற விதியை முதலில் எடுத்துவிட வேண்டும். ஓட முடியாத பிள்ளைதான் முதலில் அவுட் ஆகும், ஓட்டம் அதிகம் தேவைப்படுவதும் அதற்குத்தான். பச்சைக்குதிரையை நாங்கள் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டோம். டவுன் சின்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்திருக்கும். குனிந்து நிற்கும் பிள்ளையின் முதுகில் கையூன்றித் தாவுவது, குட்டிக்கரணம், தலைகீழாய் நிற்பது எல்லாம் மருத்துவரைக் கேட்காமல் கூடவே கூடாது. பூப்பறிக்கும் ஆட்டத்தில் கையைப் பிடித்து இழுப்பதையும் மாற்றினோம். இழுப்பதற்குப் பதில் இருவரும் நடுக்கோட்டருகே கிடக்கும் துணியைப் பார்த்தபடி நிற்க, யார் முதலில் எடுக்கிறார்கள் என்பது. வலிப்பு, இதயக் கோளாறு, தசைச் சிதைவு இருக்கும் பிள்ளைகள் பற்றியும் ஜூனிலேயே பெற்றோரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

‘கலர் கலர்’ ஆட்டத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஒருவர் ஒரு நிறத்தைச் சொல்வார், மற்றவர்கள் அந்த நிறத்தைத் தேடித் தொட வேண்டும், அதற்குள் அவர் பிடித்துவிடுவார். முப்பது பேரும் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள், பொருள் எதுவும் வேண்டாம். நாங்கள் நிறத்தோடு நிறுத்தவில்லை. சொரசொரப்பானது, வழவழப்பானது, ஈரமானது, உன்னைவிட உயரமானது என்று போனது. அப்புறம் எப்படிப் போக வேண்டும் என்பதையும் சொல்பவரே முடிவு செய்யலாம் என்று விட்டோம்: தத்தித் தத்தி, ஊர்ந்து, அடிமேல் அடி வைத்து, ஆமை மாதிரி. பிடிப்பவருக்கும் அதே நடைதான். இந்த ஒரு விதி வாக்கர் பையனை ஆட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தது. அவன் முறை வரும்போதெல்லாம் ‘ஆமை மாதிரி’தான், வேறு எதுவும் சொல்ல மாட்டான். ஆமைகளில் வேகமான ஆமை அவன்.

ஆட்டத்தைப் பிள்ளைக்குத் தக்கபடி மாற்ற வெளிநாட்டு உடற்கல்வியாளர்கள் நான்கு திருகாணி வைத்திருக்கிறார்கள்: இடம், செயல், கருவி, ஆட்கள். எங்களுக்கு இடம்தான் பெரிய விஷயமாக இருந்தது. எங்கள் மைதானம் செம்மண், மழை பெய்த மறுநாள் வாக்கர் சக்கரம் புதைந்துவிடும். கொடிக்கம்பத்தைச் சுற்றியுள்ள சிமென்ட் தரைக்கு ஆட்டத்தை மாற்றினோம், பிரச்சினை பாதி தீர்ந்தது. காதுக்கருவிப் பையனுக்காக, சொல்பவர் எப்போதும் முகத்தில் வெயில் படும்படி நிற்க வேண்டும் என்று விதி. சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால் உதடு இருட்டாகிவிடும். விசிலுக்குப் பதில் சிவப்புத் துணியை உயர்த்தினால் எல்லோரும் நிற்க வேண்டும். இதில் எதிர்பாராத லாபம், என் தொண்டை பிழைத்தது.

இதன் குறை, சத்தம். பக்கத்து வகுப்பில் பாடம் நடத்துபவருக்கு நிஜமாகவே கஷ்டம். ஹெச்.எம். சாருக்கும் எனக்கும் இன்னும் அது தீரவில்லை.

எங்கள் கட்டம் இப்போது

வாரத்தில் இரண்டு பி.டி. பீரியடு. இரண்டிலும் முதல் பத்து நிமிடம் சொன்னதைச் செய்வது, ஆசிரியர் குரல். பிறகு இருபத்தைந்து நிமிடம் பிள்ளைகளின் ஆட்டம், சொல்பவர் பிள்ளை. பாண்டிக் கட்டமும் இதில்தான், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. கடைசி ஐந்து நிமிடம் தண்ணீர் குடித்துவிட்டு வட்டமாக உட்கார்ந்து, யார் எங்கே தப்பித்தார்கள் என்ற கதை. இறந்தகால வினைமுற்று முழுக்க அங்கே வந்துவிடும். டிரில் வெள்ளிக்கிழமை காலை வழிபாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம். ஒரே ஆசிரியர் இருக்கும் பள்ளியாக இருந்தால் நான் டிரில்லுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுப்பேன். ஐந்து வகுப்பையும் ஒருவர் மேய்த்துக்கொண்டு ‘கலர் கலர்’ ஆடவிடுவது நடக்கிற காரியம் இல்லை.

தொடக்கப் பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருளுக்கு வருடம் 5,000 ரூபாய் வரை. வளையங்கள், கயிறு, மெத்தென்ற பந்து, அவ்வளவு வாங்கினோம். துணிக்கு நாங்கள் காசு செலவழிக்கவில்லை, இந்த ஊரில் பனியன் கட்டிங் வேஸ்ட் கிடைக்காத வீடு ஏது? அணிப் பட்டை, துணிப்பந்து, வால் பிடிக்கும் ஆட்டத்துக்கு வால், எல்லாம் அதில்தான்.

பிள்ளைகள் அவரவர் வீட்டு மொழியில் கட்டளை சொல்லவும் மாதம் ஒருநாள் வைத்திருக்கிறோம். முதல் தடவை அந்த ஒடிசாச் சிறுமி முன்னால் வந்து நின்று, “பஸ!” என்றாள். உட்கார் என்று அர்த்தம். ஒடியா தெரிந்த மூன்று பேர் பொத்தென்று உட்கார்ந்தார்கள். என் தமிழ்ப் பிள்ளைகள் பாதிப் பேர் கேட்டைத் தாண்டி ரோட்டைப் பார்த்தார்கள், பஸ் வருகிறதாம். மீதிப் பேர் கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் பக்கத்தில் ஓட்டினார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை இன்னும் சத்தமாக.